புதன் போட்ட கோடு

அமெரிக்காவின் டூசான் நகரில் எங்கள் சூரிய ஆய்வகத்தில் இனெஸ் உர்கீடெஸின் வேலை, கருவி செய்கிற கோளாறைச் சூரியன் தலையில் நாங்கள் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது. சூரியன் அடித்த மணி மாதிரி ஓயாமல் அதிர்கிறது. அந்த அதிர்வைப் படம்படமாக எடுத்து, உள்ளே எது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கணக்குப் போடுவோம். அங்கொன்றும் இங்கொன்றுமான பிழை, படங்கள் சேரச் சேரக் கரைந்துவிடும். எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிற பிழை கரையாது. தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒன்று பிடிபட்டால் போதும், இனெஸ் உருளும் நாற்காலியில் வழுக்கிக்கொண்டே வந்து எங்கள் கதவையெல்லாம் தட்டுவாள்.

ஒரு வருடம் அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். சூரியனின் நடுக்கோட்டைத் தாண்டி வடக்கே போகும் ஒரு மெல்லிய ஓட்டம். எங்கள் தலைவர் ஹாலிஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஹவாய் மாநாட்டில் அவள் பேச ஏற்பாடானது. அவர் பூப்போட்ட சட்டை வாங்கி, ஹவாய் போகும்வரை பொறுக்காமல் ஆபீசுக்கே போட்டு வந்தார்.

இனெஸுக்கு மட்டும் உறுத்தல்.

"ஹாலிஸ், சூரியன் விநாடிக்கு ரெண்டு கிலோமீட்டர் வேகத்துல சுத்துது. கேமரா மயிரிழை சாஞ்சிருந்தாக்கூட, அந்தச் சுழற்சியில கொஞ்சம் வடக்கே போற மாதிரி தெரியும்."

"கேமராவ நேரா வெச்சது நீதானே?"

"அதான் பயமே."

அந்த நவம்பரில் புதன் சூரியனுக்குக் குறுக்கே போனது. அது போகும் பாதை எல்லோருக்கும் துல்லியமாகத் தெரிந்தது. எங்கள் படத்தில் அந்தப் பாதை எவ்வளவு சாய்ந்து விழுகிறதோ, அதுதான் கேமராவின் சாய்வு. மற்றவர்கள் கார் நிறுத்துமிடத்தில் தொலைநோக்கி வைத்து, புரிட்டோ தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். இனெஸும் நானும் திரைமுன் உட்கார்ந்து, நகரும் கறுப்புப் பொட்டைப் புள்ளி புள்ளியாகக் குறித்தோம். புள்ளிகளைச் சேர்த்தோம். கோடு சாய்ந்திருந்தது. கால் டிகிரிகூட இல்லை. படங்களை அந்த அளவு திருப்பி மறுபடி கணக்கிட்டாள்.

அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் முட்டியது. ஹாலிஸ் ஓடிவந்தார்.

"என்னாச்சு?"

"ஓட்டம் போச்சு."

"எங்கே போச்சு?"

"இருந்தாத்தானே போறதுக்கு."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "சட்டையத் திருப்பிக் குடுக்கவும் முடியாது, சால்சா சட்னி கொட்டிட்டேன்" என்றார். அப்புறம் அவரும் சிரிக்க ஆரம்பித்தார்.

"இதப் பாருங்க" என்று இனெஸ் திரையைக் காட்டினாள். இதுவரை ஒத்துப்போகாத சூரியனின் வடபாதியும் தென்பாதியும் இப்போது ஒன்றுக்கொன்று கண்ணாடி பார்த்த மாதிரி பொருந்தின. மூன்று பேரும் திரையை ஒட்டிக் குனிந்தோம்.

ஹவாய்க்குப் போனோம். காணாமல்போன தன் ஓட்டத்தைப் பற்றியே இனெஸ் பேசினாள். மூன்றாம் வரிசையில் ஒரு நெட்டை மனிதர் எழுந்தார்.

"எங்க குழுவுக்கும் அதே ஓட்டம் கிடைச்சிருக்கே."

"உங்க கேமரா எவ்வளவு சாஞ்சிருக்கு?"

"தெரியலையே."

"புதன் உங்க கேமரா முன்னாடியும்தான் போச்சு."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். அரங்கம் குலுங்கியது. மாலை கடற்கரையில் நாங்கள் சாப்பிடும்போது மூச்சிரைக்க வந்து நின்று, "எங்களதும் போச்சு" என்றார். யாருடைய கண்டுபிடிப்புக்கும் அப்படிக் கைதட்டி நான் கேட்டதில்லை. இனெஸ் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். ஷூவோடு, சட்டையோடு, எல்லோரும் கடலில் இறங்கினோம்.