புதுநன்மைக் காலையில் ஒரு சந்தேஷ்

முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை எனக்கும் உண்டு என்று முடிவானபோது அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதினொரு வயது வரை காத்திருந்து, ஞானோபதேசம் முழுவதையும் மனப்பாடம் செய்தவள் அவள். எனக்கோ ஏழுதான். விவரம் தெரிந்தால் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம் என்று ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்துவிட்டதாம். “ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன வெவரம் தெரியும்?” என்று, ஹவுரா ரயில் பட்டறைக்குக் கிளம்பும் அப்பாவைத் தினமும் அம்மா பிடித்துக்கொள்வாள்.

எனக்குத் தெரிந்த விவரம் ஒன்றுதான். முந்தின நடுச்சாமத்திலிருந்து நன்மை வாங்கும் வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது.

அன்று காலை அம்மா உள்ளே அக்காவுக்கு முக்காடு குத்திக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கவுனில் வாசலில் நின்ற என்னைப் பக்கத்து வீட்டு வங்காள மாஷிமா பார்த்துவிட்டாள். கோவில் பூஜைக்குப் போகிறேன் என்றதும் பூரித்துப்போய் என் வாயில் பால் இனிப்பான சந்தேஷ் ஒன்றைத் திணித்தாள். அவர்கள் வீட்டுப் பூஜைக்குப் பெரியவர்கள்தான் பட்டினி கிடப்பார்கள். பிள்ளைகளுக்கு ஏது விரதம்? துப்புவதா விழுங்குவதா என்று யோசிப்பதற்குள் அது கரைந்து இறங்கிவிட்டது.

அக்கா வெளியே வந்து, என் உதட்டில் ஒட்டியிருந்த துணுக்கைப் பார்த்தாள். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவளோ தன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டாள். அதில்தான் எனக்குத் தலை சுற்றியது. துடைத்துவிட்டால் தின்றது இல்லையென்று ஆகிவிடுமா? இன்னொருத்தர் ஊட்டினால் அது நான் தின்றதாகுமா? அம்மாவிடம் கேட்கப் பயம். கோவில் வரை திருதிருவென்று விழித்தபடி நடந்தேன்.

பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்காலில் நின்றோம். அக்கா வாங்கிக்கொண்டாள். சாமியார் என்னிடம் வந்தார். எனக்கு அவ்வளவு ஆசை. ஆனாலும் உதட்டை இறுக மூடிக்கொண்டேன். சற்று நேரம் பார்த்தார். பிள்ளை பயந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, என் தலையைத் தொட்டுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார்.

வீடு வரும் வரை அம்மா அப்பாவை விடவில்லை. “நான் சொன்னேம்லா? இதுக்கு இன்னும் வெவரம் பத்தாது.” அக்கா என் கையை இறுகப் பிடித்திருந்தாள். அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வாசலில் மாஷிமா நின்றிருந்தாள். பூஜை நன்றாக நடந்ததா என்று கேட்டு இன்னொரு சந்தேஷை நீட்டினாள். இப்போது தின்னலாம் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அழுதுகொண்டே தின்றேன்.