வெனிஸ் தந்த பத்தடி

ஜும்ஆ முடிந்து, சோறும் தின்று, மின்விசிறிக்குக் கீழே லெப்டொப்பை விரித்துவைத்து, அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் நான் வெனிஸ் நாட்டின் கழுத்தில் காலை வைத்தேன். கிரீட் தீவு எனக்கு. சைப்ரஸ் எனக்கு. கரையோரத்தில் கண்ணில் பட்ட கோட்டையெல்லாம் எனக்கு. வெனிஸுக்கு மிச்சம் ஒரேயொரு துறைமுகம். நிபந்தனைகளை அனுப்பிவிட்டு, எதிராளி கெஞ்சுவார், பேரம் பேசுவார், ஒரு தீவையாவது விடச் சொல்லுவார் என்று வாயைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

மூன்று விநாடி. 'சமாதானம் ஏற்கப்பட்டது' என்று திரையில் விழுந்தது.

லெப்டொப்பைக் கிட்ட இழுத்து அதை மறுபடி வாசித்தேன்.

வெனிஸ் என்பது என்னுடைய சகலன். மனைவியின் தங்கையைக் கட்டியவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். மதிலில் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவால் அக்காவும் தங்கையும் கறிக்கிண்ணம் மாற்றுவார்கள். ஆண்கள் நாங்கள் மதிலுக்கு இரண்டு பக்கமும் இருந்து, வெள்ளி தோறும் இரண்டு மணித்தியாலம், பழைய காலத்து உலக வரைபடத்தில் நாடு பிடித்து விளையாடுவோம். நான் துருக்கிச் சுல்தான். பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவனுக்கு அந்தத் தகுதி போதும் என்று நானே முடிவெடுத்துக்கொண்டேன்.

அந்த விளையாட்டில் சண்டை பெரிய காரியமில்லை. சமாதானம்தான் பெரிய காரியம். வென்றவன் எந்த ஊரை எடுக்கலாம், எதை விடலாம் என்று தராசு போட்டுக் காட்டும். அளவோடு எடுத்தால் அக்கம்பக்கத்து நாடுகள் வாயை மூடிக்கொண்டிருக்கும். அள்ளி எடுத்தால் எல்லாருக்கும் வயிறெரியும். ஒப்பந்தம் முடிந்ததும் பதினைந்து வருடப் போர்நிறுத்தம் என்று ஒரு கணக்கு கீழ்நோக்கி ஓடத் தொடங்கும். விளையாட்டில் பதினைந்து வருடம் என்றால் எங்களுக்கு இரண்டு வெள்ளிக்கிழமை.

சகலனுக்கு நீர்ப்பாசனத்தில் வேலை. மண்வெட்டியோடு மல்லுக்கு நிற்கும் வயல்காரர்களுக்கு நடுவில் போய் வாய்க்கால் வரம்பில் குந்திக்கொண்டு, அவர்கள் கத்தி ஓயும் வரைக்கும் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பார். ஒருமுறை சொறிக்கல்முனைப் பக்கம் அவரோடு போயிருந்தபோது அந்த வித்தையைக் கண்ணால் கண்டேன். கூடக் கத்தினவருக்கு விதைப்பு நேரத்துத் தண்ணீரைக் கேட்டதைவிட ஒரு நாள் கூட்டியே கொடுத்தார். மனிசன் சிரித்துக்கொண்டு போனார். கதிர் வரும் நேரத்துத் தண்ணீர் முறையை மட்டும் சகலன் தன்னுடைய கொப்பியில் பென்சிலால் இரண்டு நாள் குறைத்து எழுதினார்.

அப்படிப்பட்ட ஆள் மூன்று விநாடியில் 'ஓம்' சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

உண்மையில் அன்றைக்கு என் திட்டம் வேறு. வெனிஸை அடித்து விழுத்திவிட்டு, சமாதான மேசையில் எல்லாவற்றையும் பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுப்பது. சகலன் மனம் குளிர்வார். அந்தக் குளிர்ச்சி ஆறுமுன்னம் மதில் கதவால் போய், விளையாட்டில் இல்லாத ஒரு விஷயத்தைக் கேட்பது. எட்டடி நிலம்.

மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. அறுவடை கழிந்ததும் காவின் எழுதி நிக்காஹ். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார்; வருகிறவருக்கு வீடு வேண்டும்; வீடு இல்லாவிட்டால் கலியாணம் இல்லை. நானும் சகலனும் அப்படித்தான் ஆளுக்கொரு பெட்டியோடு இந்த வளவுக்குள் குடிவந்தவர்கள். மகளுக்கென்று மனைவியின் உம்மா ஒதுக்கிவைத்த காணி கடற்கரையில் இருந்தது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடத்தோடு அதில் வீடு வைக்கத் தடை. கடலோடு என்ன சமாதானம் பேச முடியும்? மிஞ்சியது எங்கள் முன்வளவு. மேசனார் கயிறு பிடித்துப் பார்த்துவிட்டு, "சேர், காணாது, இன்னும் எட்டடி வேணும். மதில அங்கால தள்ளினா அறை வரும். தள்ளாட்டி கோழிக்கூடுதான் வரும்" என்றார்.

எட்டடியும் சகலனின் பக்கம். அதைக் கேட்கத்தான் பெருந்தன்மைத் திட்டம். ஆனால் சமாதானத் திரை விரிந்ததும் என் விரல் எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை. ஒரு தீவைத் தொட்டேன். தராசு இன்னும் இடம் இருக்கிறது என்றது. இன்னொன்றைத் தொட்டேன். அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். எட்டடி இரக்கப் போன மனிசன், இரக்க வேண்டியவரின் ராச்சியத்தைப் பிடுங்கிக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் மதில் கதவால் கறிக்கிண்ணம் வரவில்லை.

ஞாயிறும் வரவில்லை. வாடைக் காற்று தொடங்கி, கடல் பக்கம் வானம் சட்டிக் கரி மாதிரி இருண்டு கிடந்தது. மழை மட்டும் விழவில்லை. அந்த இருட்டையும் கிண்ணத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரே ஆள் நான்தான்.

"தங்கச்சி கறி அனுப்பல்லயே, ஏதும் கோவமோ?" என்று மனைவியிடம் பட்டும் படாமலும் கேட்டேன்.

"அவக்குத் தடிமன், ஒரே தும்மல். சமைக்கல்ல. கடையிலதான் எடுத்தவங்க."

"அவர் ஏதும் சொன்னாராமா?"

"என்னத்த?"

"சைப்ரஸப் பத்தி."

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அம்பது வயசாகப் போகுது உங்களுக்கு" என்றாள். எனக்கு நாற்பத்தெட்டுதான். அந்த நிலையில் அதை எடுத்துச் சொல்லும் துணிவு சுல்தானுக்கு இருக்கவில்லை.

திங்கட்கிழமை பாடசாலை விட்டு வந்தபோது சகலன் மதிலோரத்தில் நின்றார். கையில் அளவு நாடா. அளக்கிறார், கொப்பியில் எழுதுகிறார், மதிலுக்கு மேலால் எட்டி எங்கள் பின்வளவைப் பார்க்கிறார், மறுபடி எழுதுகிறார். நான் சைக்கிளை நிறுத்தாமலே உருட்டிக்கொண்டு உள்ளே போய், ஜன்னல் சீலைக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். என்னுடைய வீட்டு ஜன்னல், என்னுடைய சீலை, ஒளிந்தது நான்.

புதன்கிழமை மேசனார் வந்து, ஞாயிறு அத்திவாரம் வெட்டாவிட்டால் மழைக்குப் பிறகுதான், மழைக்குப் பிறகென்றால் காவினுக்கு வீடு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இனி ஒளிய இடமில்லை. அஸர் தொழுதுவிட்டு, மூன்று முறை தொண்டையைச் செருமி, மதில் கதவைத் தட்டினேன்.

சகலனே திறந்தார். வயதில் மூத்த என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

"வாங்க காக்கா. நானே வரலாம் எண்டு இருந்தன். இரிங்க."

இருந்தேன். தேத்தண்ணி வந்தது. அவர் வாய்க்கால் வரம்பில் குந்துகிற மாதிரியே கதிரையில் குந்தி, அதன் பின்னலிலிருந்து ஒரு நாரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் பிடித்தால் வாய் நிற்காது.

"தம்பி, அண்டைக்கு நான் கொஞ்சம் கூடத்தான் எடுத்துப் போட்டன். கிரீட்டத் திருப்பித் தரலாம். சைப்ரஸும் வேணுமெண்டா…"

"அத விடுங்க காக்கா. விளையாட்டுத்தானே. மகள்ட வீட்டுக்கு எத்தின அடி காணாது?"

என் வாயிலிருந்த தேத்தண்ணி உள்ளே போவதா வெளியே வருவதா என்று யோசித்தது. "எட்டு" என்றேன்.

"எட்டு எதுக்கு? பத்து எடுங்க. ஜன்னல் வெச்சா காத்து வரணும்தானே."

கேட்டதைவிடக் கூட. சொறிக்கல்முனை வாய்க்கால் ஒரு கணம் கண்ணுக்குள் ஓடியது. ஓடிய வேகத்திலேயே மறைந்தும் போனது. அதற்குள் என் மனதில் மகளின் வீடு எழும்பி, ஜன்னல் வைத்து, காற்றும் வரத் தொடங்கிவிட்டது.

"ஒண்டே ஒண்டு காக்கா" என்றார் சகலன். கொப்பியைத் திறந்தார். "என்ட மகளுக்கு இப்ப எட்டு வயசு. அவக்கு வீடு வைக்கிற காலத்தில, உங்கட கிணத்தடிப் பக்கத்த இஞ்சால விட்டுத் தாங்க. இப்ப இல்ல. இன்னும் பதினஞ்சு வருசம் கிடக்கு."

"ஓம் தம்பி, ஓம்! அதுக்கென்ன!" என்றேன்.

எத்தனை விநாடி என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். மூன்றுகூட இருக்காது.

வீட்டுக்கு வந்து வெற்றிச் செய்தியை மனைவிக்கு அறிவித்தேன். குசினிக் கதவில் சாய்ந்து, கை கால் ஆட்டி, சகலனைப் போலக் குந்தியும் காட்டினேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"கிணத்தடியக் குடுத்திட்டீங்களா?"

"பதினஞ்சு வருசம் கழிச்சுத்தானே."

"எங்கட இளையவளுக்குப் பன்ரெண்டு வயசு. அவக்கு எங்க வீடு வைக்கப் போறீங்க? கிரீட்டுலயா?"

அப்போதுதான் கதிர் வரும் நேரத்துத் தண்ணீர் யார் கையில் இருக்கிறது என்று எனக்கு விளங்கியது. முன்வளவு மூத்தவளுக்கு. பின்வளவின் கிணற்றடிதான் இளையவளுக்கென்று இத்தனை காலமும் நாங்கள் நினைத்திருந்த இடம். ஒரு மகளின் வீட்டை வைத்து இன்னொரு மகளின் வீட்டை வாங்கிவிட்டு, குந்தி வேறு காட்டியிருக்கிறேன்.

"நான் போய் இல்லையெண்டு சொல்லிட்டு வாறன்" என்று எழும்பினேன்.

"சொன்னா பத்தடியும் போகும். ஞாயிறு எங்க வெட்டுவீங்க?" அவள் கையைக் கழுவினாள். "அதோட, காணி உறுதி என்ட பேருல. அங்கால உள்ளது தங்கச்சிட பேருல. உம்மா எங்களுக்குத் தந்த காணிய நீங்க ரெண்டு பேரும் ஆர் குடுக்க, எடுக்க?"

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மதில் கதவால் போனாள். கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் சகலனின் செருமல் கேட்டது. அவரையும் முற்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள் போல. மதிலுக்கு இந்தப் பக்கம் துருக்கி, அந்தப் பக்கம் வெனிஸ். இரண்டு பேரும் காணியில்லாத ராசாக்கள். நான் செருமினேன். அவரும் திருப்பிச் செருமினார். உள்ளே இருந்து சத்தமே வரவில்லை. சண்டை பிடித்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மஃரிப் பாங்கு சொல்லும்போது மனைவி வந்தாள். கையில் மூடிய கறிக்கிண்ணம்.

"சரி. பத்தடி இப்ப எங்களுக்கு. கிணத்தடி பிறகு அவட மகளுக்கு. தங்கச்சியும் ஓம் எண்டுட்டா, நானும் ஓம் எண்டுட்டன்."

"இளையவளுக்கு?"

"இந்த வீடு."

நான் சுற்றிப் பார்த்தேன். மின்விசிறி, மேசை, லெப்டொப். "அப்ப நாம?"

"குசினிக்குப் பின்னால தகரம் போட்டு ஒரு அறை இறக்குவம். உம்மாவும் வாப்பாவும் கடைசியில அப்பிடித்தானே இருந்தவங்க. உங்களுக்கு அந்த விளையாட்டுப் பெட்டியும் ஒரு கதிரையும் காணுந்தானே."

ஞாயிறு அத்திவாரம் வெட்டினார்கள். மதிலை உடைத்தபோது மகள் ஜன்னலுக்குள்ளால் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் மூன்று கிரீட் கொடுப்பேன். சகலன் நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். பத்தடி சரியாக இருந்தது. அவருடைய சின்ன மகள் கிணற்றடியில் சிரட்டைகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். இது அறை, இது குசினி என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டதை நான் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொண்டேன். வேலை முடிந்து கால் கழுவும்போது முதல் மழை விழுந்தது.

இடையில் ஒரு வெள்ளி கல்லும் மணலும் இறக்குவதில் விளையாட்டில்லாமல் போனதால், அடுத்த வெள்ளிக்கிழமைதான் லெப்டொப்பைத் திறந்தேன். உலகத்தில் பாதி என்னுடைய பச்சை நிறம். குசினிச் சுவருக்குப் பின்னால் மேசனார் எங்கள் தகர அறைக்கு அடையாளம் வைத்த இடம் ஜன்னலால் தெரிந்தது. நீளம் பத்து, அகலம் எட்டு. வரைபடத்தை அந்த மூலைக்கு நகர்த்தி வெனிஸைப் பார்த்தேன். மிஞ்சிய ஒற்றைத் துறைமுகத்தில் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார். விளையாட்டுக் கணக்கில் மாதத்துக்கு ஒரு கப்பல். சத்தமில்லாமல், தவறாமல். போர்நிறுத்தத்தில் ஏற்கெனவே இரண்டு வருடம் கழிந்திருந்தது.

"தம்பி, எதுக்கு இவ்வளவு கப்பல்?" என்று புது மதிலுக்கு மேலால் கூப்பிட்டுக் கேட்டேன்.

மழைச் சத்தத்துக்குள்ளால் பதில் வந்தது.

"சும்மா, காக்கா. நீங்க விளையாடுங்க."