மூன்று தட்டு

குளிர் விழுந்தால் இன்றும் என் இடது கால் கட்டைவிரல் வலிக்கிறது. அந்த விரல் எனக்கு இல்லை. அது போன கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். பட்டவன் நான்.

பக்கத்து ஆலையையும் எங்கள் ஆலையையும் முதலாளி ஒன்றாக்கினான். அங்கிருந்து வந்து சங்கம் கட்டியவரை 'சம்பந்தி' என்றே கூப்பிட்டோம். தகடு வளைக்கும் பிரஸ்ஸில் இரண்டு முறை தட்டினால் எங்களுக்கு 'நிறுத்து'. அவர்களுக்கு 'ஓட்டு'. இந்தக் குழப்பத்தில் பல கைகள் போயின.

"கல்யாணம் பண்ணி வச்சவன் ஒரு பாஷை சொல்லித் தரலயே மாப்ளே," என்றார் சம்பந்தி. "இனிமே மூணு தட்டு. கேட்டா வெளிய வந்துடு. ரெண்டு பக்கமும் ஒரே தட்டு, ஒரே சங்கம்."

ஒரே சங்கத்தை ஏற்கக் கம்பெனி மறுத்தது. மெஷின்களை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்தோம்.

மதியம் 2.10. இரும்புக் குழாய்களோடு அடியாட்கள் புகுந்தார்கள். பக்கத்திலிருந்தவனின் மண்டை பிளந்து, ரத்தம் என் வாயில் தெறித்தது. சம்பந்தி கைகளை விரித்தபடி கேட்டுக்கு ஓடினார். நான் பெரிய பிரஸ்ஸின் வாய்க்குள் ஊர்ந்து படுத்தேன்.

அலறல் அடங்கியது. 2.40 இருக்கும்.

"மெஷின் சத்தம் தெருவுக்குக் கேக்கணும். ஓட்டுடா!" என்று ஒரு அடியாள் யாரோ தொழிலாளியை மிரட்டினான்.

டங்... டங்.

இரண்டு. நிறுத்துகிறான். மூச்சு விட்டேன். தட்டியவன் பக்கத்து ஆலைக்காரன், அவனுக்கு அது 'ஓட்டு' என்பது எனக்கு உறைக்கவில்லை.

அப்போது காதோரம்...

தப். தப். தப்.

இரும்புச் சத்தமில்லை. ஈரச் சதை மோதும் சத்தம். பிரஸ்ஸின் தூணுக்கு உள்ளிருந்து. அது கெட்டி இரும்பு வார்ப்பு. உள்ளே ஊசி நுழைய இடமில்லை.

"வா மாப்ளே..."

வெளியே உருண்டேன்.

மேல்தட்டு விழுந்தது.

விரல் மட்டும் போனது.

ஆஸ்பத்திரியில் என் மனைவியிடம், "சம்பந்தி எங்க? அவர்தான் தட்டிக் காப்பாத்தினார்," என்றேன்.

அவள் முகம் வெளுத்தது.

"என்ன உளறுறீங்க? அவங்க நுழைஞ்சதுமே சம்பந்தி அண்ணனைக் கேட்டுலயே அடிச்சுக் கொன்னுட்டாங்க. ரெண்டு கையும் கூழு. மடக்க ஒரு விரல் இல்ல."

அந்த இரண்டு தட்டுக்கு இன்னும் இரண்டு அர்த்தம்தான். சங்கமும் இரண்டுதான். இரண்டு பக்கமும் ஒரே தட்டு... சம்பந்திக்கு நான் இன்னும் தீர்க்காத கடன் அது.