பத்தொன்பது பூவும் ஒரு கலர் மாஸ்டரும்

குறை கண்டுபிடிப்பது எனக்குத் தொழில். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் பதினோரு வருடமாக நிற்கிறேன். ஒரு தையல் விட்டிருந்தாலும், கடுகளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் என் கண் நேராக அங்கேதான் போய் நிற்கும். அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வரக்கூடாதா என்பது என் கணவரின் நெடுநாள் புகார். அவர் சாயப்பட்டறையில் கலர் மாஸ்டர். கேட்ட நிறம் வர எந்தச் சாயத்தை எவ்வளவு போட வேண்டும் என்று சொல்கிறவர். ஆகையால் எங்கள் வீட்டில் எந்தக் குறையைப் பற்றியும் நான் பேசலாம், நிறத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்க முடியாது. போன வருடம் ஒரு கேக் அதற்கு முடிவு கட்டியது.

கேக் செய்வது நான் ஃபோனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. திருப்பூர் மண்ணரையில் எங்கள் லைன் வீடுகளில் எந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள் வந்தாலும் என்னிடம் வந்து நிற்பார்கள். கார் கேக், பொம்மை கேக் எல்லாம் செய்திருக்கிறேன். ஆனால் யாரும் கேட்காமல் நானாகவே செய்ய நினைத்தது ஒரே ஒரு கேக்தான். அது என் கணவரின் அக்காவுக்கு. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம்.

நங்கையா சேவூரில் இருக்கிறார். இரண்டு மாடு, வாசலில் மூன்று மல்லிகைக் கொடி. பூ எடுத்துக் கட்டி, திருப்பூர் வருகிறவர்கள் யாராவது கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவார். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பார்த்தும் அவர் கட்டின சரத்தில் என்னால் ஒரு குறை சொல்ல முடிந்ததில்லை. “நெருக்கமாக் கட்டோணும் அம்மிணி. நாரு தெரிஞ்சா அது பூ இல்ல, கயிறு” என்பார். நங்கையாவின் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் இருந்த காலத்தில் நங்கையா தலையில் மல்லியும் கனகாம்பரமும் சேர்த்துக் கட்டின சரம் ஒரு நாளும் தவறாது. பால் கறக்க உட்காரும்போதும் பூ இருக்கும். மாடு திரும்பி அதைத் தின்னப் பார்க்கும், இவர் மாட்டை வைவார். அண்ணன் தவறி ஆறு வருடம் ஆகிறது. அதன் பிறகு நங்கையா ஒரு பூ வைத்ததில்லை. எங்களுக்குக் கட்டி அனுப்புவது மட்டும் நிற்கவில்லை.

போன வருடம் சொந்தத்தில் ஒரு சீர் விசேஷம். பந்தலில் நானும் நங்கையாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பூத்தட்டு வந்தது. தட்டு கொண்டு வந்த பெண் எனக்குப் பூ கொடுத்தாள், நங்கையாவைத் தாண்டினாள், அடுத்தவருக்குக் கொடுத்தாள். அவள் மேல் தப்புச் சொல்ல முடியாது, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் தட்டு எங்கள் வரிசைக்கு வரும் முன்பே நங்கையா பையிலிருந்து ஃபோனை எடுத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் வெளிச்சமே இல்லை. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

அந்த வாரம்தான் பூங்கொத்து கேக் வீடியோ கண்ணில் பட்டது. சின்னச் சின்னக் கப் கேக்குகளின் தலையில் கிரீமால் பூப் பிழிந்து, எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, சுற்றிக் காகிதம் கட்டிவிட்டால் கை நிறையப் பூ போலவே இருக்கிறது. நங்கையாவுக்கு இதைக் கொடுத்தே தீர வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவர் மனம் கோணாமல் அவர் கையில் பூ சேர வேண்டும். பிறந்தநாளுக்கு ஆதார் அட்டையைப் பார்த்தோம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தோராயமாகப் போட்ட தேதி அது. பரவாயில்லை, தோராயமாக ஐம்பது வயது, அதற்கு நிஜமான கேக்.

நிறம் மட்டும் நான் முன்கூட்டியே முடிவு செய்தேன். வெளிர் ரோஸ், வெளிர் ஊதா, சந்தனத்தில் லேசாகச் சிவப்புக் கலந்த மாதிரி ஒன்று. நங்கையாவுக்கு அடக்கமான நிறந்தான் மரியாதை என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கலர் கலக்கும் பொறுப்பைக் கணவர் பிடுங்கிக்கொண்டார். பட்டறையிலிருந்து மூன்று நிறத்திலும் துணித் துண்டு கொண்டு வந்து சமையல் மேடையில் பரப்பினார். சனிக்கிழமை மத்தியானம் வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் அடித்து நான் கிரீம் தயார் செய்ய, அவர் குச்சி முனையில் கலரைத் தொட்டுத் தொட்டுக் கலக்கினார். கிண்ணத்தை ஜன்னலுக்குக் கொண்டு போவார், டியூப்லைட்டுக்குக் கொண்டு வருவார். ஏற்றுமதி ஆர்டர் தோற்றது.

“ஏனுங்க, துண்டத் தாண்டி கொஞ்சம் தூக்கலா இல்லீங்களா?” என்றேன்.

“ஈரத்துல அப்புடித்தான் தெரியும் புள்ள. காஞ்சா ஒரு ஷேடு எறங்கும். அதுக்குத்தான் ஒரு ஷேடு ஏத்தி வெச்சிருக்கேன்.”

“இது துணி இல்லீங்க, வெண்ணெ.”

“சாயம் எதுல போட்டாலும் சாயந்தான்.”

இருபது வருட அனுபவத்தோடு என்ன வாதாடுவது? பிழிந்தேன். பத்தொன்பது கப். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு. ரோஜாவுக்கு இதழ் இதழாகச் சுற்றியதில் மணிக்கட்டு கழன்றுவிட்டது. பேக்கிங் செக்ஷனில் கேட்டு வாங்கின வெள்ளைக் காகிதத்தைச் சுற்றி, டீசர்ட் கழுத்தில் வைத்துத் தைக்கிற டேப்பால் முடிச்சுப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன்.

ஞாயிறு காலை ஃபிரிட்ஜைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். வெளிர் ரோஸ் ராணி கலராகியிருந்தது. வெளிர் ஊதா கத்தரிப்பூ கலர். சந்தனம் அசல் கனகாம்பரம். வெண்ணெயில் போட்ட கலர் நேரம் ஆக ஆக அழுத்தமாகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். துணி இறங்கும், வெண்ணெய் ஏறும். ஏறுகிறதற்கு மேலே இவர் வேறு ஒரு ஷேடு ஏற்றி வைத்திருக்கிறார்.

கணவர் வந்து துணித் துண்டைப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். ஜன்னலுக்குக் கொண்டு போயும் பார்த்தார்.

“எறங்கலீங்களே” என்றேன்.

“எறங்கல” என்றார். எனக்கு நினைவு தெரிந்து அவர் என்னிடம் ஒப்புக்கொண்ட முதல் குறை.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பயமாகத்தான் இருந்தது. பூத்தட்டு தாண்டிப் போன பெண்ணின் முன்னால் கல்யாண வீட்டு மேடை மாதிரி ஒன்றைக் கொண்டு போய் வைக்கப் போகிறேன். கேலி செய்கிறோம் என்று நினைத்துவிட்டால்? சுரண்டிவிட்டு வேறு பிழியலாம் என்று கத்தியை எடுத்தேன். ஃபோன் வந்தது. “பஸ்ஸு அவிநாசி தாண்டிருச்சு அம்மிணி. நாலு மணிக்குப் பாலு கறக்கோணும், சீக்கிரம் அனுப்பிச்சுரு” என்றார் நங்கையா. கத்தியைக் கீழே வைத்தேன்.

நங்கையா சந்தன நிறச் சேலையில் வந்தார். தண்ணீர் குடித்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் பூங்கொத்தைக் கொண்டு வந்து முன்னால் வைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை தாங்காமல் என் கணவர் உளறிவிட்டார்.

“அக்கா, அது வந்துங்க, லைட் கலருதான் போட்டது. ஏறிப்போச்சு. இதா பாருங்க சேம்பிளு” என்று மூன்று துண்டையும் எடுத்து நீட்டினார். அந்த மனிதரை என்ன செய்வது?

நங்கையா துண்டுகளை வாங்கி மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். “இதா எனக்குன்னு எடுத்து வெச்ச கலரு?”

“ஆமாங்க்கா.”

“ஆரு எடுத்தது?”

“நாந்தானுங்க நங்கையா” என்றேன். தட்டு கொண்டு வந்த பெண்ணுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

“என்ற பீரோ பூராவும் இந்தக் கலருதான் கெடக்குது கண்ணு. தீவாளிக்கு நீங்க எடுத்துக் குடுத்ததும் சேத்தி. ஆறு வருசமா உனக்கு எந்தக் கலரு வோணும்னு ஒருத்தரும் கேக்கல.” கோபமாகச் சொல்லவில்லை. மாடு எவ்வளவு கறக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு துண்டுகளை மடித்துத் தம்பி கையில் கொடுத்தார். “இத நீயே வெச்சுக்க சாமி. பொறந்ததுக்கு இன்னிக்குத்தான் நீ சாயம் ஒழுங்காப் போட்டிருக்கறே.”

நான் சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீரும் வந்தது. கத்திக்கு ரிப்பன் எல்லாம் கட்டி வைத்திருந்தேன், நங்கையா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் இருந்த கனகாம்பரப் பூவைக் கப்போடு எடுத்தார். ஒரு நொடி அது அவர் காதோரம் வரை போனது.

“தலைக்கு வெச்சாத்தான் நாலு பேரு கேப்பாங்க. திங்கறதுக்கு ஆரக் கேக்கோணும்” என்று சொல்லிவிட்டுக் கடித்தார். உதடெல்லாம் சிவந்துபோனது. மென்றுகொண்டே கொத்தைச் சுற்றிப் பார்வையை ஓட்டினார்.

“ஏன் அம்மிணி, மல்லியக் காணோம்? மல்லி இல்லாம வெறுங் கனகாம்பரத்த ஆரு வெப்பாங்க?”

கலர் போடாத கிரீம் ஒரு கிண்ணம் மிச்சம் இருந்தது. அதைப் பூப் பிழிகிற பைக்குள் போட்டு மேசைக்குக் கொண்டு வந்தேன். கணவர் உதவிக்கு எழுந்தார்.

“உக்காருங்க. வெள்ளைக்குக் கலர் மாஸ்டர் வேண்டியதில்லீங்க.”

பூக்களின் இடுக்கில் மொட்டு மொட்டாகப் பிழிய ஆரம்பித்தேன். நங்கையா நாற்காலியை இழுத்து என் தோளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கையில் மிச்சமிருந்த கேக்கோடு குனிந்து பார்த்தார். மணி மூன்றாகிவிட்டது என்று நினைவுபடுத்தினேன். மாடு காத்திருக்கும் என்றார். நான் பத்துப் பதினைந்து மொட்டு வைத்திருப்பேன், அவர் விரல் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டியது.

“இன்னும் நெருக்கமா வெய்யி அம்மிணி. கேக்கு தெரியுது பாரு.”