குளிர் அறையில் வழி கேட்டது

இன்று நடந்ததை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவுகிறவன் நான், வயது ஐம்பத்தொன்று. ஆய்வுகூட உதவியாளர் அவுஸ்பில்டுங்குக்கு, அதாவது தொழிற்பயிற்சிக்கு, விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். நிரப்பிய படிவம் இரண்டு கிழமையாகப் பைக்குள் கிடந்தது. இளம் பிள்ளைகளோடு வகுப்பில் இருக்க வெட்கம்.

அங்கே மரிசெல் என்றொரு பிலிப்பைன்ஸ் பிள்ளை. ஊரில் அவளும் போத்தல் கழுவித்தான் தொடங்கினாளாம். புலமைப்பரிசில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை கிடைத்தது. இப்போது தன் தீவின் காட்டு மண்ணில் வாழும் கிருமிகளை ஆராய்கிறாள். என் படிவத்தின் கதை அவளுக்குத் தெரியும்.

அந்த மண் நிலவறைக் குளிர் அறையில் இருக்கிறது. இன்று உள்ளே போகுமுன் வாசலில் நின்று ஏதோ முணுமுணுத்தாள். என்னவென்று கேட்டேன்.

"காட்டிலை இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஆக்களிட்டை வழி கேக்கிறனான், அண்ணை. மண்ணோடை வந்திருப்பினம்."

அவள் பேசியது ஜெர்மன்தான். என் காதில் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகவே விழும்.

நான் சிரித்துவிட்டு, வழி கேட்காமலே அவளுக்கு முன் உள்ளே போனேன்.

குளிரூட்டும் விசிறி சட்டென்று நின்றது. அந்தக் குளிரில் என் பிடரியில் சூடான மூச்சு ஒன்று பட்டது. திரும்பினேன். ஒருவரும் இல்லை. மறுபடியும் பட்டது.

"குறை நினையாதேங்கோ, ஒருக்கா வழி விடுங்கோ" என்று கேட்டேன்.

விசிறி சுற்றத் தொடங்கியது.

வெளியே மரிசெல் என் முகத்தைப் பார்த்தாள். "வழி கேட்டனீங்களோ?"

"ஓம்."

"ஆரெண்டே தெரியாத ஆளிட்டைக் கேட்டிட்டியள். ஒரு அலுவலகத்திட்டைக் கேக்க என்ன பயம்?"

படிவத்தை அனுப்பிவிட்டேன்.

இந்த வயதில் யார் தூண்டியது என்று நேர்முகத்தில் கேட்டால் மரிசெல் என்று சொல்வதா, குளிர் அறையில் மூச்சு விட்ட மற்றவரைச் சொல்வதா? அவருடைய பெயர் தெரியாது. அவரிடம் போய்ப் பெயர் கேட்கத் துணிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.