வேலாயி கறுப்புப் பூசிய மஞ்சள் கோட்டு

மலாக்காவில் ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பெத்தம்மாளுக்கு ஐந்து மக்கள். மூத்தவள் வேலாயி. அவளைப் பெத்தம்மாளின் கடைசித் தம்பி நல்லமுத்துவுக்கே கட்டிக் கொடுத்தார்கள். பிறந்ததிலிருந்து அவனை மாமா என்று கூப்பிட்டவள், தாலி ஏறிய பிறகும் மாமா என்றே கூப்பிட்டாள். சொந்தம் வெளியே போகக்கூடாது என்பது அந்தத் தோட்டத்து லய வீடுகளில் எல்லாருக்கும் இருந்த எண்ணம்.

மலாயாவில் எமர்ஜன்சி வந்து, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்காரர்களைப் பட்டாளம் தேடித் திரிந்த மூன்றாம் வருசம், பங்குனித் திருவிழாவுக்கு முதல் நாள். வேலாயியின் சித்தப்பா ராமையா அந்தத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற மண்டோர். கோயில் வேலைக்குப் போகிற வழியில், நீலம் போட்டு வெளுத்த வெள்ளைச் சட்டையோடு ரப்பர் மர நிரைக்குள் வந்து நின்றார். வெட்டுக்காரர்கள் அத்தனை பேரும் பால் கறை படிந்து கறுத்துப்போன பழந்துணியில் இருந்தார்கள். ஒரே வெடிதான். வெள்ளைச் சட்டைக்காரர் விழுந்தார். சுட்டவன் காட்டுக்காரனா, காட்டுக்காரனைத் தேடி வந்தவனா என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இருந்திருந்தாலும் வாய் திறக்கவில்லை.

வேலாயி அப்போது அடுத்த மரத்தடியில் பால் பிடிக்கிற மங்குக் கோப்பையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். கண்ணில் பட்டவன் போனான், படாதவன் பிழைத்தான் என்பதுதான் அவள் மனதில் அன்று இறங்கியது. அதற்குப் பிறகு வெள்ளை, மஞ்சள், சிவப்பு எதையும் அவள் உடுத்தவில்லை.

அந்தப் பயத்தில்தான் இருவரும் தோட்டத்தை விட்டுத் தஞ்சோங் கிளிங் கடற்கரைக்கு வந்து கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியேறினார்கள். கடலில் காடு கிடையாது, நிரை கிடையாது, ஒளிந்து சுடுகிறவன் கிடையாது என்று நல்லமுத்து சொன்னான். பாக் லாத்திப் என்ற மலாய்ப் பெரியவரின் பாய்மரப் படகில் வலை இழுக்கச் சேர்ந்தான். மண்வெட்டியும் பால் கத்தியும் பிடித்த கைக்குக் கயிறு பழக நாளாயிற்று. நீச்சல் ஏதோ தோட்டத்து ஓடையில் கற்றுக்கொண்ட அளவுக்குத்தான்.

கடலிலும் ஒன்று இருந்தது. சுமத்ரா காற்று என்பார்கள். விடிகிற நேரத்தில் மேற்கே கறுத்துச் சுவர் மாதிரி எழும்பி வந்து அடிக்கும். முதல் தடவை அதில் மாட்டிக்கொண்டு வந்த நல்லமுத்து, பல் கிட்டி, நீலம் பாய்ந்து, ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தான்.

பார்க்க வந்த பாக் லாத்திப், தன் மழைக்கோட்டைத் தொட்டுக் காட்டி, "கேட்டுக்கோ வேலாயி. பெரிசா வாங்கு. தண்ணில விழுந்தா ஒரு உதறுல கழட்டணும். இடுப்புல கயிறு கட்டவே கூடாது. நெறம் குனிங், மஞ்சள். வேற வேண்டாம்" என்றார்.

மலாக்கா டவுனில் ஆற்றோரம் தங்கையா என்பவர் கப்பல் சாமான் கடை வைத்திருந்தார். புருசனும் பெண்சாதியும் பஸ் ஏறிப் போனார்கள். பட்டாளத்துப் பழைய பச்சைப் போர்வைக் கோட்டு ஒன்று வாசலிலேயே தொங்கியது. வேலாயி நேராக அதைப் பிடித்தாள்.

"இது கண்ணுக்கு உறுத்தலண்ணே. இதக் குடுங்க."

"தங்கச்சி, அத மாட்டிக்கிட்டு இவரு நடந்தா, பட்டாளத்தான் காட்டுக்காரன்னு சுடுவான். காட்டுக்காரன் பட்டாளத்தான்னு சுடுவான். ரெண்டு பேருக்கும் சவுரியமா இருக்கும்லா."

"கடைக்கு வந்தா சாவப் பத்தியா பேசுவீங்க?" என்றாள் வேலாயி.

"வாசல்ல தொங்கவிட்டதே தப்பு" என்று முனகிக்கொண்டு அவர் அதை உள்ளே எடுத்துப்போட்டு, மஞ்சள் எண்ணெய்த் துணிக் கோட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். ஆளிவிதை எண்ணெய் வாசம் குப்பென்று அடித்தது. துணியோடு துணி ஒட்டாமலிருக்க உள்ளே மாவு தூவியிருந்தது. வேலாயி சும்மா வாங்கிவிடவில்லை. கைப்பகுதியின் நுனியை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, கெண்டியிலிருந்த தண்ணீரைத் தோள்வழியாக ஊற்றச் சொன்னாள். தையல் வழியே கசிகிறதா என்று விரலால் தடவினாள். சொட்டுக்கூட வரவில்லை. நல்லமுத்து போட்டுப் பார்த்தபோது இன்னொரு ஆள் உள்ளே புகலாம் போலிருந்தது.

"கல்யாண மாப்பிள மாதிரி இருக்கேனா?"

"பழுத்த பப்பாளி மாதிரி இருக்கீங்க மாமா" என்றாள். சிரித்தாலும் அந்த நிறத்தில் அவளுக்குச் சித்தப்பாவின் வெள்ளைச் சட்டைதான் தெரிந்தது.

அவள் பயந்தது வீண்போகவில்லை. விடியற்காலை ஊரடங்கு நீங்குகிற நேரத்தில்தான் கடலுக்குப் போகிறவர்கள் சடக்கு ரோட்டில் இறங்குவார்கள். கரைக்குத் திரும்புகிற முனையில் முள்கம்பித் தடை. அங்கே துப்பாக்கியோடு ஹோம் கார்டு காவலர்கள் நிற்பார்கள். கோட்டு போட்டுப் போன முதல் நாளே, திரும்பி வந்த நல்லமுத்து சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்.

"நேத்து வரைக்கும் கிட்ட போனப்புறம்தான் அடையாளக் கார்டு எங்கன்னு கேப்பான். இன்னிக்குத் தூரத்துலயே பாத்துட்டு துப்பாக்கியத் தூக்கிட்டான். கைய மேல தூக்கிக்கிட்டே நடந்தேன்."

வேலாயிக்குக் கையிலிருந்த அகப்பை நின்றுபோயிற்று. "மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போங்களேன்."

"மூட்டையா? காட்டுக்கு அரிசி கடத்துறான்னு அங்கயே குப்புறப் படுக்க வச்சிருவான்."

"அப்ப படகுலயே போட்டுட்டு வாங்க."

"எண்ணெ வாசத்துக்கு எலி வச்சிருக்குமா?"

அன்று மத்தியானமே அவள் பக்கத்து வீட்டு மாக் தீமாவிடம் போனாள். மாக் தீமாவுக்குக் கொல்லையில் கொஞ்சம் பால் மரம் இருந்தது. ஒரு சிரட்டை பால் வாங்கி வந்து, பானைக்கரியைச் சுரண்டிப் போட்டுக் குழைத்தாள். தோட்டத்தில் மழைக்கு மாவுச்சாக்குத் துணியில் பால் பூசிப் போர்த்திக்கொள்வது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம்தான். தேங்காய் மட்டையை நசுக்கித் தூரிகையாக்கி, கோட்டை வேலியில் விரித்து இரண்டு கை பூசினாள். காய்ந்தபோது எருமைக்கன்று போல மினுமினுத்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

முள்கம்பித் தடையில் அதற்கப்புறம் தொல்லை இல்லை. ஆனால் பாக் லாத்திப் கோட்டைப் பார்த்துவிட்டுப் படகையே நிறுத்திவிட்டாராம்.

"காக்காவா கடலுக்கு வருதுன்னு கேட்டாரு" என்றான் நல்லமுத்து. "விழுந்தா உன்ன எங்க போய்த் தேடுறது, மழையில தண்ணியே கறுப்புன்னு ஏசுறாரு புள்ள. சுரண்டிட்டு வான்னு சொல்லிட்டாரு."

"நீங்க எதுக்கு விழுவீங்க? காத்து என்னைக்கோ அடிக்குது. துப்பாக்கி தெனம் நிக்குது. எங்க சித்தப்பாவ மறந்துட்டீங்களா?"

ராமையாவின் பெயரை எடுத்தால் அந்த வீட்டில் பேச்சு அதோடு நின்றுவிடும். பாக் லாத்திப் தினமும் ஏசிக்கொண்டே அவனைப் படகில் ஏற்றினார்; கோட்டு கறுப்பாகவே இருந்தது.

ஆனி மாதம் ஒரு காலை. வேலாயி அரிசி களைந்துகொண்டிருந்தாள். வெளிச்சம் வர வேண்டிய நேரத்தில் திரும்ப இருட்டியது. கோழிகள் கூண்டுக்குள் ஓடின. எட்டிப் பார்த்தால் மேற்கே கடலும் வானமும் ஒன்றாகி, கரியைக் கரைத்துக் கொட்டியது போல் வந்துகொண்டிருந்தது. அரிசிச் சட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

கரையில் கம்பத்துப் பெண்கள் முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார்கள். மழை ஆள்மேல் கல் எறிவது மாதிரி எறிந்தது. அப்போதுதான் வேலாயி கடலைச் சரியாகப் பார்த்தாள். அலை கறுப்பு. அலைக்கு நடுவே பள்ளம் கறுப்பு. மேகத்தின் நிழல் கறுப்பு. இந்தக் கறுப்பில் தன் கையால் பூசிய ஒரு கறுப்பை அனுப்பியிருக்கிறோமே என்று நினைத்ததும் தண்ணீர் விளிம்புவரை போனாள். மாக் தீமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஓதினாள். வேலாயிக்கு முனியாண்டி சாமி பெயர்கூட வாயில் வரவில்லை.

காற்று விட்டது. படகுகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. தங்கா பத்து என்ற ஊர்ப் பக்கம் அடித்துப்போன படகுகளும் வந்தன. பாக் லாத்திப்பின் படகு எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பாய் கிழிந்து வந்தது. போகும்போது மூன்று பேர். சுக்கானில் ஒரு மஞ்சள், துடுப்பில் ஒரு மஞ்சள். அவ்வளவுதான் தெரிந்தது.

"மாமா!" என்று அலறிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். புடவை காலைச் சுற்றியது.

"இருக்கான்! இருக்கான்!" என்று பாக் லாத்திப் கீழே கையைக் காட்டினார்.

தார் பூசிய படகின் அடியில், நனைந்த வலைக்கு மேல், கறுப்போடு கறுப்பாகக் கிடந்தான் நல்லமுத்து. விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றும் ஒரு நொடி அவளுக்கு ஆள் தெரியவில்லை. இடது தோளில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் தெரிந்தது. பிறகு அவன் இருமினான்.

பாக் லாத்திப் மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி சொன்னார். பாய்மரக்கழி திரும்பி அடித்ததில் நல்லமுத்து எகிறி விழுந்தான். பூசிய பால் மடிப்போடு மடிப்பாக ஒட்டிக்கொண்டதில், உதறினாலும் கோட்டு கழன்று வரவில்லை. படகைத் திருப்பித் திருப்பித் தேடினார்கள். சத்தம் கேட்கிறது, ஆளைக் காணோம். விட்டுவிடலாம் என்றுகூடப் பக்கத்தில் இருந்தவன் சொன்னானாம். அப்போதுதான் அலைமேல் துண்டு மஞ்சள் ஒன்று ஏறி இறங்கியது. சாக்குத் துணியில் பிடிக்கிற பால், எண்ணெய்த் துணியில் எப்படிப் பிடிக்கும்? அலை உரசிய இடத்தில் தோல் உரிந்த மாதிரி உரிந்து விட்டிருந்தது.

"உன் வேலை சரியா இருந்திருந்தா, வேலாயி, நான் வெறும் கையோட வந்திருப்பேன்" என்றார் அந்த மனிதர். அவர் ஏசவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த நாள் முழுக்க அவள் வாசலில் உட்கார்ந்து நகத்தாலும் சிரட்டை ஓட்டாலும் கறுப்பை உரித்தாள். நல்லமுத்து பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சடக்குல சுட்டா என்ன செய்வ?"

"நானும் வர்றேன்."

உடம்பு தேறியதும் அவன் மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். வேலாயி முன்னால் நடந்தாள். முள்கம்பித் தடை கண்ணுக்குத் தெரிகிறதற்கு முன்பே ஊரைக் கூட்டுகிற மாதிரி பேச ஆரம்பித்தாள். மீன் விலை, கோழி முட்டை, மாக் தீமாவின் மருமகள், வாயில் வந்ததெல்லாம். பெண்பிள்ளைச் சத்தம் கேட்டால் ஒளிந்து வருகிறவன் என்று எவனும் நினைக்கமாட்டான். தூரத்தில் துப்பாக்கி மேலே எழும்பியது. அவள் நிற்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. கிட்ட வந்ததும் ஹோம் கார்டு துப்பாக்கியைத் தாழ்த்தி, "ரேடியோ பெட்டிய கொஞ்சம் மூடச் சொல்லுய்யா" என்று மலாயில் நல்லமுத்துவிடம் சொன்னான். அதன்பிறகு தினமும் அப்படித்தான். தினமும் அந்தத் துப்பாக்கி எழும்பும், தினமும் அவள் குரலை இன்னும் ஏற்றுவாள்.

படகு கிளம்பியது. கறுப்புக் கோட்டோடு போன நாள்களில் அவன் சீக்கிரமே கண்ணுக்கு மறைந்துவிடுவான், அவளும் வீட்டு வேலையைப் பார்க்கத் திரும்பிவிடுவாள். மஞ்சள் அப்படி மறையவில்லை. நெல்மணி அளவாகி, கடுகளவாகி, கண் வலித்தும் தெரிந்துகொண்டே இருந்தது. மற்றப் பெண்கள் போய்விட்டார்கள். மேற்கே மேகம் இருக்கிறதா என்று ஒரு கண், அந்தக் கடுகில் ஒரு கண்ணாக வேலாயி மட்டும் நின்றாள். ஒவ்வொரு அலையிலும் அது மறையும்போது மூச்சைப் பிடித்தாள். ஏறி வந்ததும் விட்டாள்.