ஸ்கன்னர்ட் என்று அவர் சொன்ன வியாழக்கிழமை

தூசிக்கு அவர் ஊரில் ஸ்டூர் என்று பெயர். ராஸ் அல் கைமா கல்குவாரியில், ஒரு மலையை நாள் முழுக்க அரைத்துக்கொண்டிருந்த இடத்தில், நான் அவரிடம் கற்ற முதல் சொல் அது. அவர் ஸ்காட்லாந்துக்காரர், எங்கள் மெயின்டனன்ஸ் மேனேஜர். நான் அவர் அறை வாசலில் உட்கார்ந்திருந்த கிளார்க். தினமும் காலையில் மேசைமேல் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, ஸ்டூர் என்பார். பழைய பிரெஞ்சிலிருந்து வந்ததாம். முதலில் சண்டை என்று பொருளாம். சண்டை போய்விட்டது, அது கிளப்பிய தூசி மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. எங்கள் மூக்கிலும், மூன்று தடவை அலசிய சட்டையிலும் தங்கியிருந்ததும் அதுதான்.

பேர்ன் என்றால் குழந்தை. சுமப்பதைச் சொல்லும் வேரிலிருந்து வந்தது என்றார்; சுமக்கப்பட்டது. ட்ரீக் என்றால் மூடிக்கிடக்கும் சாம்பல் வானம். முன்பு அதற்கு நீண்டுகொண்டே போவது என்று பொருளாம்; மழையில்லாத ஊரிலும் அந்தப் பழைய பொருளுக்கு வேலை இருந்தது. ப்ரா என்றால் அருமை, துணிச்சலைக் குறிக்கும் ஒரு சொல்லுக்கு உறவு. அதை மட்டும் கேம்பில் போய்ச் சொல்ல முடியவில்லை. ஸ்கன்னர்ட் என்றால் சலித்து, குமட்டி, போதும் என்றாகிவிட்டவன். இது எங்கிருந்து வந்தது சார் என்றேன். யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார்.

எல்லாவற்றையும் டைரியின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைத்தேன். எப்படியோ அதுவே எனக்கு இன்னொரு வேலையாகிவிட்டது. லீவு ஃபாரங்கள் என் வழியாகத்தான் அவரிடம் போகும். அவர் கையெழுத்து இல்லாமல் ஆபீஸ் யாருடைய பாஸ்போர்ட்டையும் வெளியே எடுக்காது. காலையில் ஸ்டூருக்கு அடுத்து அவர் சொல்லும் முதல் சொல்லை வைத்து நான் நாள் பார்த்தேன். ப்ரா என்றால் ஃபாரங்கள் உடனே உள்ளே போகும். ட்ரீக் என்றால் மதியத்துக்கு மேல். ஸ்கன்னர்ட் என்றால் டிராயரிலேயே கிடக்கும். சாயங்காலம் பஸ்ஸில் ஆட்கள் கேட்பார்கள், "என்னண்ணே, இன்னைக்கு மழையா வெயிலா?" ஊரில் ராகுகாலம் பார்த்தே பழகிய கூட்டத்துக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. எனக்கும் கொஞ்சம் கர்வம்தான்.

என் பக்கத்துக் கட்டிலில் ஒரு வெல்டர், கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். போன லீவு முடிந்து திரும்பிய பிறகுதான் மனைவி உண்டானது அவனுக்குத் தெரிந்தது. பெண் பிறந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இவன் பார்த்தது போட்டோவில். ஞானஸ்நானத்தை இவனுக்காகவே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பங்குத்தந்தை இரண்டு தடவை கடிந்துகொண்டு, இனி தள்ளமாட்டேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டார். ஒரு புதன்கிழமை ஃபாரத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

"நல்ல நேரமா பாத்து வைங்கண்ணே. கெட்ட நேரத்துல கொண்டு காட்டிக் கெடுத்துராதீங்க."

மறுநாள் அவர் மேசையில் கோடு இழுக்கவில்லை. ஜன்னலருகே நின்று கிரஷரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கன்னர்ட் என்றார், என்னிடம் அல்ல. பகல் முழுக்க அலமாரியிலிருந்து காகிதங்களை எடுத்துக் கிழித்துப் போட்டார். கோபம் என்று நினைத்தேன். வேலை முடியும் நேரத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"நான் கையெழுத்துப் போட வேண்டியது ஏதாவது இருக்கிறதா?"

அதுவரை ஒருநாளும் தானாகக் கேட்டவரில்லை. முகத்தைப் பார்த்தேன். ஃபாரம் கிடந்த டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

"மாஃபி, சார்." ஒன்றுமில்லை என்பதற்கு அங்கே எல்லோரும் சொல்லும் அரபிச் சொல்.

என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை விமானமேறிவிட்டார். ராஜினாமா எழுதிக் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்ததாம். ஆபீஸில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். சனிக்கிழமை புதியவர் வந்தார். கிரஷரை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் முடியும்வரை யாருக்கும் லீவு இல்லை, மூன்று மாதம் என்றார். ஃபாரத்தை நீட்டினேன். படிக்காமலே என் பக்கம் தள்ளினார்.

அன்று மெஸ்ஸில் வைத்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்திருக்கலாம், மறைக்கவும் தெம்பில்லை.

"அவராட்டு, நீங்க சொல்லாமலே கேட்டாராண்ணே?"

"கேட்டாரு."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். பங்குத்தந்தை குறித்த ஞாயிறு அவனுக்கு டியூட்டி. தலையில் தண்ணீர் விட்டபோது பிள்ளை அழுததை மச்சான் போனில் கேட்க வைத்தானாம். சைட்டில் சத்தம், பாதிதான் கேட்டதாம்.

ஷட்டவுன் முடிந்ததும் ஃபாரத்தை அவனே நேராக உள்ளே கொண்டுபோனான். பிறகு எல்லோரும் அப்படித்தான். பஸ்ஸில் மழையா வெயிலா என்று யாரும் கேட்பதில்லை. டைரியில் மிச்சப் பக்கங்கள் வெறுமையாகவே கிடந்தன.

ஊரிலிருந்து திரும்பி வந்தவனைக் காலையில் ஒர்க்‌ஷாப்பில் பார்த்தேன். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"பத்து நாளா பக்கத்துலயே வரல்லண்ணே. உறங்கின பெறவுதான் எடுக்க முடிஞ்சுது."

சொல்லிவிட்டு வெல்டிங் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டான்.